மாடி ஏறிப் பார்த்தது யார்?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அடுப்பை அணைச்சிட்டு டி.வி. முன்னால வந்து உட்கார்ந்திருக்கிற தாய்மார்களே!

தங்கும் விடுதிகள் வெளியிடும் கரியமில வாயுவைக் குறைக்க வேண்டியது முதலாளியா, நகராட்சியா? எதிரணித் தலைவர் என்ன சொன்னார்? "அவன் ஹோட்டல், அவன் கரண்ட் பில்லு, அவன் பார்த்துக்குவான்" என்றார். அதுக்குக் கைதட்டல் வேற!

ஐயா, பார்த்துக்க மாட்டான். நூறு அறை. காலை ஆறு மணிக்கு நூறு பேருக்கும் வெந்நீர் வேணும். டீசல் பாய்லரை நிறுத்திட்டு மாடியில சோலார் வைக்கணும்னா முதல்லயே பணம் போடணும். பக்கத்து லாட்ஜுக்காரன் அதே பணத்துல ஏ.சி. மாட்டிக் கூட்டத்தை இழுத்துடுவான். நல்லது செய்தவன் தலையில துண்டு!

ஸ்பெயினில் பார்சிலோனா மாநகராட்சி 2000-ஆம் ஆண்டில் ஒரு விதி கொண்டுவந்தது. புதிதாகக் கட்டினாலோ, பெரிதாகப் புதுப்பித்தாலோ, வெந்நீர்த் தேவையில் 60 சதவீதமாவது சூரிய வெப்பத்தில் கிடைக்க வேண்டும். ஹோட்டலுக்கும் அதேதான். எல்லோரும் செய்தாக வேண்டும் என்றால் பக்கத்து லாட்ஜுக்காரனைப் பார்த்து எவனும் பயப்பட வேண்டாம்.

"சட்டம் போட்டா போதுமா?" என்று அம்மையார் கேட்டார். நியாயமான கேள்வி. குடும்பத்தோட ஒரு மலை ஊருக்குப் போயிருந்தேன். ஊர் பேர் வேண்டாம். மாடி நிறைய சோலார். குழாயைத் திறந்தா பனிக்கட்டி! ரூம் பையன் சொல்றான்: "அது லைசென்சுக்கு வச்சது சார். பைப் கொடுக்கலை. வெந்நீர் பக்கெட் இருபது ரூபா, விறகு அடுப்புல போட்டுத் தர்றோம்."

கையெழுத்துப் போட்டவர் மாடிப்படி ஏறவே இல்லை, நடுவர் அவர்களே!

நியூயார்க்கில் 2019-இல் சட்டம் போட்டார்கள். 25,000 சதுர அடிக்கு மேற்பட்ட பெரிய கட்டடங்களுக்கு, ஹோட்டல்கள் உட்பட, உமிழ்வுக்கு ஒரு வரம்பு. ஆனால் அமலுக்கு வந்தது 2024-இல். இடையில் ஐந்து வருஷம். எந்தக் கருவியை மாற்றலாம், பணத்துக்கு எங்கே போகலாம் என்று நகர நிர்வாகமே இலவசமாக ஆலோசனை சொன்னது. வருஷாவருஷம் கணக்குக் காட்டணும். வரம்பு மீறினால் டன்னுக்கு 268 டாலர் அபராதம். முதலில் கையைப் பிடித்து நடத்தினார்கள், பிறகுதான் பிரம்பு. முதலாளி தன்னைத்தானே இப்படி நடத்திக்குவாரா?

நடுவர் மணி அடிச்சிட்டார். அடுத்த மே மாசம் அதே லாட்ஜுதான். வீட்டுல இப்பவே சொல்லிட்டாங்க: "பட்டிமன்றத்துல என்ன வேணா பேசுங்க, பக்கெட்டுக்குச் சில்லறை மாத்தி வச்சுக்குங்க!"