புடலம்பூ விரியும் பொழுது

தமிழ்நாட்டில் வீட்டுத்தோட்டத்தின் ஆண்டு ஆடியில் தொடங்குகிறது. கோடை வெப்பம் தணியும் இம்மாதத்தில் ஊன்றிய விதை, ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை வலுக்கும் முன்பே வேர் பிடித்துக்கொள்வதால், இளநாற்றை அழுகச் செய்யும் அடைமழையைத் தாங்கி நிற்கிறது. மாநிலத்தின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில் பெய்துவிடுவதை எண்ணிப்பார்த்தால், விதைப்புக்குரிய காலத்தைப் 'பட்டம்' என்று வகுத்து முன்னோர் தவறாமல் கடைப்பிடித்ததன் காரணம் விளங்கும். அவரைக்கு மேலும் ஒரு காரணம் உண்டு. பந்தலில் படரும் நாட்டவரை பகற்பொழுது குறுகும்போதுதான் பூக்கும் இயல்புடையது. ஆகவே தையில் ஊன்றிய கொடி கோடை முழுவதும் இலையாகவே தழைத்து நிற்கும், காய் தருவது அரிது.

புடல், பீர்க்கு, பாகல், சுரை ஆகிய பந்தல் காய்கறிகளில் ஆண்பூவும் பெண்பூவும் ஒரே கொடியில் தனித்தனியே தோன்றுகின்றன. பூவின் அடியில் பிஞ்சு போன்ற சிறு புடைப்பு இருந்தால் அது பெண்பூ, இல்லையெனில் ஆண்பூ. பெரும்பாலும் ஆண்பூக்களே முதலில் வந்து உதிர்வதால், கொடி பழுதென்று கருதி அதைப் பிடுங்கிவிடுவோர் உண்டு. சில நாள் பொறுத்திருந்தால் பெண்பூக்கள் வரும். பாகற்பூ காலையில் மலர்ந்து தேனீக்களை அழைக்க, புடலம்பூவோ அந்தி சாயும்போதுதான் விரிகிறது. சுருண்டிருந்த வெள்ளை இழைகள் ஒவ்வொன்றாய்ப் பிரிந்து, இருள் கவியும் வேளையில் மெல்லிய பூந்துணியின் குஞ்சம் போல் தொங்கும் அப்பூவை நாடி வருபவை, இரவில் பறக்கும் அந்துப்பூச்சிகள். மகரந்தச் சேர்க்கை, அதாவது ஆண்பூவின் தூள் பெண்பூவின் சூல்முடியைச் சேர்வது, நிகழாவிட்டால் பிஞ்சு மஞ்சளித்து உதிர்ந்துவிடும். பூச்சி வராத மாடித்தோட்டங்களில், அன்று மாலை விரிந்த ஆண்பூவைப் பறித்துப் பெண்பூவின் நடுவில் மெல்லத் தொட்டுவிடுவது போதுமானது.

தேனீக்களைக் காக்க வேப்பெண்ணெய்க் கரைசலை மாலையில் தெளிக்குமாறு கூறப்படும் பொதுவான அறிவுரை நல்லதே. ஒரு லிட்டர் நீருக்கு 5 மில்லி எண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் போதும். எனினும் புடலும் சுரையும் உள்ள பந்தலில் அந்த மாலையே விருந்தினர் வரும் நேரம் என்பதால், பூக்களை விடுத்து, அசுவினி மொய்த்த இலைகளின் அடிப்பக்கத்தில் மட்டும் தெளிப்பதே முறை. அங்கே பொறிவண்டுகள் ஏற்கெனவே அசுவினியைத் தின்றுகொண்டிருந்தால், தெளிக்காமலே விட்டுவிடலாம்.

எல்லாப் புழுவும் ஒன்றல்ல. கத்தரியின் நுனித்தண்டு வாடித் தொங்கினால், உள்ளே துளைப்பான் புழு இருப்பதாகக் கொண்டு, அந்நுனியைச் சற்றுக் கீழிருந்து கிள்ளி அழித்துவிட வேண்டும். ஆனால் கறிவேப்பிலையில் பறவையின் எச்சம் போல் ஒட்டிக்கிடந்து, வளர்ந்ததும் பச்சை நிறம் கொள்ளும் புழு, அழகிய எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் குழந்தைப் பருவம். தொட்டால் தலையின் பின்னிருந்து இரு கிளைக் கொம்பொன்றை நீட்டி, நெடியை எழுப்பும், கடிக்காது, கொட்டாது. ஒரு கிளையின் இலைகளை அதற்கு விட்டுக்கொடுப்பதால் செடிக்கு நேரும் குறை சிறிதே, மழை பெய்ததும் அது மீண்டும் துளிர்த்துவிடும்.

பூச்செடிகளில், கத்தரிக்கும் தக்காளிக்கும் இடையே துலுக்கச் சாமந்தியை நடுவது வேரைத் தாக்கும் நூற்புழுக்களை மட்டுப்படுத்தும். வேலியோரச் செம்பருத்தி தேன்சிட்டுக்கு உணவாகும். மல்லிகையைக் கார்த்திகை அளவில், மழை ஓய்ந்த பின் தரையிலிருந்து ஏறத்தாழ அரை மீட்டர் உயரத்தில் கவாத்து செய்தால், மாசி பங்குனியில் புதுத்தளிரில் அரும்பு கட்டும். வெட்டுமுன் கிளைகளுக்கிடையே கூடு ஏதும் உள்ளதா என ஒருமுறை பார்ப்பது கடமை. பறவைகளுக்கு வைக்கும் மண்சட்டி நீரை நாள்தோறும் மாற்றாவிடில், மழைக்காலத்தில் அதுவே கொசுவின் தொட்டிலாகிவிடும்.

காய்ப்பு உச்சத்தில் இருக்கும்போதே, நன்கு திரண்ட புடலங்காய் ஒன்றைச் சமையலுக்குப் பறிக்காமல் கொடியிலேயே விட்டுவைக்க வேண்டும். அது செம்மஞ்சளாகப் பழுத்து வெடிக்கும் தறுவாயில் எடுத்து, சிவந்த சதையைக் கழுவி நீக்கி, விதைகளைச் சாம்பலில் புரட்டி நிழலில் உலர்த்தி, ஈரம் புகாத மண்கலயத்தில் மூடி வைத்தால், அடுத்த ஆடிக்கு வேண்டிய விதை வீட்டிலேயே இருக்கும்.