வழுவைச் சொல்லும் வகை



காவிரியின் கடைமடையில் பயிரிடும் உழவர் ஒருவர், "என் வயலுக்குத் தண்ணீர் வரவில்லை" என்று மட்டும் முறையிட்டால் பாசன அலுவலர் என்ன செய்ய முடியும்? மேட்டூரிலிருந்து வரும் நீர் கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் எனப் பிரிகிறது. பின்னர் ஆறுகளும் வாய்க்கால்களுமாகக் கிளைத்து வயலை அடைகிறது. நீர் எந்த இடத்தில் நின்றது என்பதை அந்த ஒரு சொல் காட்டுவதில்லை. "இன்ன வாய்க்காலில் இன்ன மதகு வரையில் நீர் வருகிறது, அதற்குக் கீழே வரவில்லை, இன்ன நாள் முதல் இந்நிலை" என்று அவர் கூறினால், பாதி வேலை அப்பொழுதே முடிந்துவிடுகிறது. அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள். பிள்ளைக்கு அழுகை போதும். கற்றவனுக்கோ குறையை விளங்கச் சொல்லவும் தெரிந்திருக்க வேண்டும். அவ்வாறு சொல்லும் முறையைக் கணிப்பொறித் துறையிலிருந்து ஓர் எடுத்துக்காட்டால் இன்று விளக்க விரும்புகிறேன்.

நாம் எழுதும் நிரலைக் கணிப்பொறி நேரே அறியாது. அதனைப் பொறியின் மொழிக்கு மாற்றித் தரும் மென்பொருளுக்குத் தொகுப்பி என்று பெயர். ரிச்சர்டு ஸ்டால்மன் 1987-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஜி.சி.சி. என்னும் தொகுப்பி உலகப் புகழ் பெற்றது. அதன் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கும் வழங்கலாம். அதற்கு விலை இல்லை. அதே போல உத்தரவாதமும் இல்லை. அதனைப் பேணுவோருள் ஊதியம் பெறுவோரும் உண்டு. தம் ஓய்வு நேரத்தை ஈவோரும் உண்டு. ஆகவே, அவர்களிடம் நாம் கேட்கும் உதவி உரிமைக் கட்டளை ஆகாது. உடன் உழைப்போரிடம் விடுக்கும் வேண்டுகோளே ஆகும்.

தொகுப்பியிலும் வழு இருக்குமோ என்று நீங்கள் ஐயுறலாம். அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-இல் ஓர் ஆய்வினை வெளியிட்டனர். குருட்டாம்போக்கில் நிரல்களைப் படைக்கும் கருவி ஒன்றைச் செய்து, பல தொகுப்பிகளை அதனால் சோதித்தனர். அதுவரை அறியப்படாத வழுக்கள் 325-க்கும் மேற்பட்டவை வெளிப்பட்டன. சோதிக்கப்பட்ட தொகுப்பிகளுள் ஒன்றேனும் வழுவின்றித் தப்பவில்லை. வழுக்களுள் சில, தொகுப்பியை இடையில் நிறுத்திவிடும். அவற்றை நாம் உடனே அறிவோம். வேறு சில, ஓசையின்றித் தவறான விடையைத் தந்துவிடும். இவையே கொடியவை. அணையின் நீர்க் கணக்கோ மருந்தின் அளவோ அத்தகைய நிரலால் கணக்கிடப்பட்டால் விளைவு யாதாகும்? வழுவைக் கண்டவன் வாளாவிருந்தால், அதன் தீமை அவன் அறியாத எத்தனையோ பேரைச் சென்று சேரும்.

ஆனால், முதலில் ஐயுற வேண்டியது நம் நிரலையே. தொகுப்பியின் வழு எனத் தொடக்க மாணவர் கருதுவனவற்றுள் பெரும்பாலானவை அவர்தம் நிரலின் பிழைகளாகவே முடிகின்றன. தமிழிலக்கணத்தில் எது வழு, எது வழாநிலை என்பதை நூலின் விதியே முடிவு செய்கிறது. நம் விருப்பம் அன்று. சி மொழிக்கும் அவ்வாறே உலகத் தர நூல் ஒன்று உண்டு. பத்து எண்கள் கொண்ட அணியில் பதினோராவது எண்ணைப் படித்தால் என்ன நேரும் என்பதை அந்நூல் வரையறுக்கவில்லை. அந்நிலையில் எவ்விடை வந்தாலும் தொகுப்பியைக் குறை கூறுதல் பொருந்தாது. எனவே எச்சரிக்கைகள் அனைத்தையும் காட்டும்படி பணித்து, நிரலை மீண்டும் தொகுத்துப் பார்க்க வேண்டும். பயன்படுத்தும் முறையில் ஐயம் எனில், அதற்கு உதவி கேட்கும் இடம் வேறு. வழுப் பதிவேட்டில் அதனை எழுதலாகாது. அதே வழுவைப் பிறர் முன்னரே பதிந்துள்ளாரா என்பதையும் தேடிப் பார்த்தல் நலம்.

இனி, பதிவில் எழுத வேண்டியவை யாவை? தொகுப்பியின் பதிப்பு எண்; கணிப்பொறியின் வகையும் அதன் இயங்குதளமும்; நாம் இட்ட கட்டளை, ஓர் எழுத்தும் குறையாமல்; தொகுப்பி தந்த விடை முழுவதும்; வழுவைக் காட்டும் நிரல். எந்த விடையை எதிர்பார்த்தோம், எது வந்தது என்பதையும் கூற வேண்டும். நம் நிரல், கணிப்பொறியில் உள்ள தலைப்புக் கோப்புகளையும் சேர்த்துக்கொள்வது. அவை வேறிடத்தில் வேறாக இருக்கக்கூடும். ஆதலால் அவை அனைத்தும் விரிக்கப்பட்ட நிரலையே அனுப்புமாறு ஜி.சி.சி. குழுவினர் கேட்கின்றனர். நம் மேசையில் தோன்றும் வழு அவர்தம் மேசையிலும் தோன்றினால்தான் திருத்த இயலும்.

பத்தாயிரம் வரி நிரலை அப்படியே அனுப்பலாமோ? கூடாது. 1922-இல் தொடங்கிய ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தை நீங்கள் அறிவீர்கள். மண் பரிசோதனைக்கு வயல் முழுவதையும் வண்டியில் ஏற்றிச் செல்வார் உண்டோ? நெல் வயலில் பல இடங்களில் 15 சென்டிமீட்டர் ஆழம் வரை மண் எடுத்துக் கலந்து பரப்புவார்கள். அதனை நான்கு கூறாக்கி, எதிரெதிரான இரு கூறுகளைத் தள்ளுவார்கள். அரைக் கிலோ எஞ்சும் வரையில் இவ்வாறே செய்வார்கள். நிரலையும் அப்படிக் குறைக்கலாம். பாதியை நீக்குங்கள், வழு இன்னும் தோன்றுகிறதா? தோன்றினால் நீக்கியது நீங்கட்டும். மறைந்தால், அதனை மீட்டு வேறு பகுதியை நீக்குங்கள். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. மண் மாதிரி வயல் முழுமைக்கும் சான்றாக வேண்டும். நிரல் மாதிரியோ அந்த ஒரு வழுவுக்குச் சான்றானால் போதும். ஆந்திரேயாஸ் செல்லர் 1999-இல் வெளியிட்ட டெல்ட்டா முறையை ஒட்டி, இவ்வேலையைத் தாமே செய்யும் கருவிகளும் தோன்றியுள்ளன. ஆயினும் ஒருமுறையேனும் கையால் செய்து பாருங்கள். பதினைந்து வரியாகச் சுருங்கும் முன்பே, பிழை தம்முடையதே எனப் பலர் கண்டுகொள்வர். அதுவும் ஊதியமே!

முறையான பதிவின் பயனுக்கு நம் மொழியைத் தொட்ட சான்று ஒன்று உண்டு. சி நிரலில் ஒரு மாறிக்கு 'நெல்' எனத் தமிழில் பெயரிட்டால், ஜி.சி.சி. முன்னர் அதனை ஏற்கவில்லை. யூனிகோடு முறையில் இச்சொல் நான்கு குறியீடுகளாகி, குறியீட்டுக்கு மூன்றாகப் பன்னிரண்டு பைட்டுகளில் அமைகிறது. அப்பைட்டுகளை நிரலில் வழிதவறி வந்த குறிகள் எனத் தொகுப்பி தள்ளியது. மொழியின் தர நூல் இத்தகைய எழுத்துகளுக்கு இடம் தந்திருந்தும் இக்குறை நீடித்தது. 2015-இல் இது 67224 என்னும் எண்ணில் பதியப்பட்டது. 2020 மே மாதம் வெளிவந்த பத்தாம் பதிப்பில் குறை நீங்கியது. தமிழுக்கு மட்டுமோ? கிரேக்கம், ருசியம் முதலிய மொழிகளுக்கும் அதே வாயில் திறந்தது. இடையே கழிந்த ஆண்டுகள் ஏறத்தாழ ஐந்து என்பதையும் மறவாதீர்கள். பதிவிட்டவனுக்குப் பொறுமையும் வேண்டும். திருத்துவோர் வினவினால் விடை கூறும் கடமையும் உண்டு. விடை வாராத பதிவு, தண்ணீர் வாராத நாற்றங்கால் போன்றதே.

பெரிய தொகுப்பி அச்சம் தருமாயின், எழில் என்னும் தமிழ் நிரல்மொழியிலிருந்து தொடங்குங்கள். பள்ளி மாணவர்க்கென முத்தையா அண்ணாமலை 2007-இல் உருவாக்கத் தொடங்கி, 2009-இல் அறிவித்த மொழி இது. இதன் மூலநிரலும் திறந்ததே. சிறிய பணிகளில், தெளிவாக எழுதிய ஒரே ஒரு பதிவுக்கும் பெருமதிப்பு உண்டு.

தஞ்சையிலோ மன்னார்குடியிலோ திருவாரூரிலோ பயிலும் மாணவர் ஒருவர், உலகெங்கும் வழங்கும் கருவியின் குறையைத் தக்க சான்றுடன் காட்டலாம். அக்குறை எல்லார்க்குமாக நீங்கலாம். அதற்குப் பட்டமோ பதவியோ வேண்டியதில்லை. உற்று நோக்கும் கண்ணும், உள்ளதை உள்ளவாறு எழுதும் நேர்மையும் போதும். வாய்க்காலில் உடைப்பைக் கண்டவர், அது தம் வயலுக்கு மேலே உள்ளதா கீழே உள்ளதா என்று பாராமல் குரல் கொடுப்பதன்றோ நம் நாட்டு வழக்கம்! அவ்வழக்கத்தை இப்புதிய துறையிலும் மேற்கொள்வீர்களாக.