தாகம் வரும்வரை காத்திருக்க வேண்டாம்



தண்ணீர் குடிப்பதைப் பற்றியும் ஒரு பேச்சா என்று நீங்கள் கேட்கலாம். தாகம் எடுத்தால் குடிக்கிறோம். இதில் சொல்லித்தர என்ன இருக்கிறது? இருக்கிறது என்பதற்கு நமக்கு அருகிலுள்ள சிங்கப்பூரே சாட்சி.

நம் தோட்டங்களிலிருந்து அங்கே வேலைக்குப் போனவர்கள் உண்டு. தமிழ்நாட்டிலிருந்து வந்து கட்டட வேலை செய்பவர்களும் ஏராளம். ஞாயிற்றுக்கிழமை தேக்காவிலும் சிராங்கூன் சாலையிலும் அவர்களைக் கூட்டமாகக் காணலாம். 1963இல் மழை பொய்த்தபோது அந்த ஊரில் தண்ணீரைப் பங்கிட்டு விட்டார்கள். இன்றோ குழாய்த் தண்ணீரைக் காய்ச்சாமலே குடிக்கலாம்.

அப்படிப்பட்ட ஊரில், 2023 அக்டோபரில் மனிதவள அமைச்சு ஓர் ஏற்பாட்டை அறிவித்தது. வெளியில் வேலை செய்வோர் மணிக்கு ஒரு முறையாவது தண்ணீர் குடிக்கவேண்டும். வெயில், காற்றின் ஈரம், காற்றோட்டம் எல்லாவற்றையும் சேர்த்து அளக்கும் கருவி 32 பாகையைத் தொட்டால், கடும் உடலுழைப்புச் செய்வோருக்கு மணிக்கு 10 நிமிடமாவது ஓய்வு தரவேண்டும்.

தண்ணீருக்குக் குறைவில்லாத ஊரில் இது எதற்கு? தண்ணீர் இருப்பது வேறு, அதைக் குடிப்பது வேறு. வேலை மும்முரத்தில் நாம் மறந்துவிடுகிறோம். தாகமோ தாமதமாகத்தான் தெரிகிறது.

நம் உடல் எடையில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். வியர்வை காயும்போது உடல் குளிர்கிறது. நம் பக்கத்துக் காற்றில் ஈரம் மிகுதியாதலால் வியர்வை எளிதில் காய்வதில்லை; மேலும் மேலும் வியர்க்கிறது. செம்பனைக் காட்டில் நிழல் இருந்தாலும் காற்றோட்டம் குறைவு. இழந்த நீரை ஈடுசெய்யாவிட்டால் தலைவலி, தசைப்பிடிப்பு, மயக்கம் வரும். நாளடைவில் சிறுநீரகமும் கெடும். மத்திய அமெரிக்காவில் நிக்கராகுவா, எல் சல்வடோர் நாடுகளில் கரும்பு வெட்டும் இளைஞர் பலர் சிறுநீரக நோயால் மாண்டிருக்கிறார்கள். கடும் வெயிலில் ஓயாத உழைப்பும் நீரிழப்பும் அதற்கு முக்கியக் காரணங்கள் என ஆய்வாளர் பலர் கருதுகின்றனர்.

தாய்மார்களுக்குத் தனியே ஒரு வார்த்தை. வேலைக்காட்டில் ஒதுங்க இடமில்லை என்பதற்காகவே காலையிலிருந்து தண்ணீரைத் தொடாதவர்கள் உங்களில் உண்டு. பள்ளியில் பெண்பிள்ளைகள் சிலரும் கழிப்பறைக்குப் போக அஞ்சிக் குடிக்காமல் இருப்பதைப் பார்க்கிறேன். தண்ணீரைக் குறைத்துச் சிறுநீரையும் அடக்கினால் நீர்க்கடுப்பு வரும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தொழிற்சங்கக் கூட்டத்திலும், பெற்றோர் ஆசிரியர் கூட்டத்திலும் நல்ல கழிப்பறை வேண்டுமென்று வாய் திறந்து கேளுங்கள்.

இனி, செய்யவேண்டியதைச் சொல்கிறேன். வேலைக்குப் புறப்படுமுன் ஒரு குவளை நிறையக் குடியுங்கள். காட்டில் மணிக்கு ஒரு முறையாவது குடியுங்கள். ஒரேயடியாக லிட்டர் கணக்கில் குடிப்பதும் தீங்கு. சிறிது சிறிதாகக் குடியுங்கள். கஞ்சித் தண்ணீரும் உப்பிட்ட மோரும் நல்லவை. சீனிப் பானங்கள் தண்ணீருக்கு ஈடாகா. கிணற்று நீரையும் ஆற்று நீரையும் காய்ச்சிக் குடியுங்கள். சிறுநீர் வைக்கோல் நிறத்தில் வெளிறியிருந்தால் போதிய நீர் குடித்திருக்கிறீர்கள்; கடும் மஞ்சளானால் போதவில்லை. இருதய நோயும் சிறுநீரக நோயும் உள்ளவர்கள் மருத்துவர் சொன்ன அளவையே பின்பற்றவேண்டும்.

வெயிலில் ஒருவர் பேச்சுக் குழறினாலோ மயங்கி விழுந்தாலோ நிழலுக்குக் கொண்டுபோய், உடலில் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள். நினைவிழந்தவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

நாளைக் காலையில் சாப்பாட்டுத் தூக்கோடு தண்ணீர்ப் போத்தலையும் மறவாமல் எடுத்துச் செல்லுங்கள். மாலையில் பிள்ளையின் பையிலுள்ள போத்தலைத் தூக்கிப் பாருங்கள். அது நிறைந்தே இருந்தால், ஏன் குடிக்கவில்லை என்று அன்பாகக் கேளுங்கள்.