வாயைத் திறக்கும் மீனும் உள்ளே நுழையும் இறாலும்

(திருக்கோவிலூர் குறுவள மையக் கூட்டத்தில் அறிவியல் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று நான் பேசப்போவது ஓர் இறாலைப் பற்றி. தென்பெண்ணைக் கரையில் இருந்துகொண்டு கடல் இறாலைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று நீங்கள் நினைக்கலாம். சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் ஒரு மாணவி கேட்ட கேள்விதான் காரணம்.

ஒன்பதாம் வகுப்பு. கூட்டுயிர் வாழ்க்கை பற்றிய பாடம். உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில் ஒரு காணொளி போட்டேன். அஞ்சாலை மீன் வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது. சிவப்பு முதுகில் வெள்ளைக் கோடு போட்ட சிறிய இறால் ஒன்று அதன் பற்களுக்கு நடுவே போய்க் கொறிக்கிறது. "இறாலுக்கு உணவு, மீனுக்குச் சுத்தம், இருவருக்கும் நன்மை" என்று சொல்லி முடித்தேன். கடைசி வரிசையில் இருந்து ஒரு பெண் எழுந்தாள். "சார், அந்த மீனு ஏன் அத முழுங்கல?"

எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லவும் மனம் வரவில்லை. "அது பரீட்சைக்கு வராது, உட்காரும்மா" என்றேன். உட்கார்ந்தாள். அந்த ஆண்டு முழுவதும் அவள் வேறு கேள்வி கேட்கவில்லை.

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. என் மைத்துனர் வீட்டில் கடல்நீர் மீன்தொட்டி வைத்திருக்கிறார். லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு கலந்த நீர். அதில் அதே இன இறால்கள் இரண்டு இருந்தன. மீசை போன்ற வெள்ளை உணர்கொம்புகளை ஆட்டியபடி ஒரு கல்லிடுக்கில் நின்றன. "கையை விட்டுப் பாருங்க மாமா" என்றார். விட்டேன். ஓர் இறால் மெல்ல வந்து என் விரலில் ஏறி, நகக்கண்ணைக் கிள்ளிக் கிள்ளித் தின்னத் தொடங்கியது. அதற்கு என் கையும் ஒரு மீன்தான்!

மறுநாள் காலையில் தொட்டியின் அடியில் ஓர் இறால் அசையாமல் கிடந்தது. செத்துப்போயிற்று என்று நினைத்தேன். அது உரித்த சட்டை. புதிய ஓடு கெட்டியாகும் வரை இறால் இடுக்கில் ஒளிந்திருந்தது. அந்த நேரத்தில் அதன் உடல் மென்மையானது; எந்த மீனும் எளிதில் தின்றுவிடும். பசியெடுத்த கிளாத்தி மீனையோ சிங்க மீனையோ அதே தொட்டியில் விட்டால், ஓடு கெட்டியான இறாலும் தப்பாது என்றார் மைத்துனர். அதாவது, அந்த மாணவி சந்தேகப்பட்டது சரி. முழுங்கும் மீனும் உண்டு.

பிறகு கொஞ்சம் தேடிப் படித்தேன். கரீபியன் கடலில் வாழும் ஒரு துப்புரவு இறாலைப் பற்றி 2018-இல் ஓர் ஆய்வு வெளியானது. மீன் அருகில் வந்து நிற்கும்போது இறால் தன் உணர்கொம்புகளைச் சாட்டைபோல் வீசுகிறது. பதிலுக்கு மீன் தன் உடல் நிறத்தைக் கருமையாக்கிக்கொள்கிறது. அதன் பின்தான் இறால் ஏறுகிறது. இறாலின் பார்வை மங்கலானது, நிறம் பிரித்தறியாது. ஆனால் வெளிறிய உடல் கருத்தால் அதற்குத் தெரியும். ஆய்வாளர்கள் கையடக்கத் திரையில் வெறும் உருவங்களைக் காட்டிச் சோதித்தார்கள். கருத்த உருவம் என்றால், அது வட்டமா மீன் வடிவமா என்று பார்க்காமல் இறால் பதில் தந்தது. "வரலாமா?" "வா." இவ்வளவுதான் உரையாடல்.

இதே தொழிலைச் செய்யும் மீனும் உண்டு. உடலில் கருநீலக் கோடு ஓடும் துப்புரவு மீன் அது. நம் மன்னார் வளைகுடாவின் பவளப் பாறைகளிலும் வாழ்கிறது. தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடையிலுள்ள 21 தீவுகளைச் சுற்றிய அந்தப் பகுதி 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டில் இந்த மீனை ஆராய்ந்தபோது, ஒரே மீன் நாளொன்றுக்குச் சுமார் 1,200 ஒட்டுண்ணிகளைத் தின்பது தெரிந்தது.

ஆனால் இந்தத் துப்புரவு மீனுக்கு ஒட்டுண்ணியைவிட, வந்து நிற்கும் மீனின் மேல்தோலில் உள்ள கோழைதான் அதிக ருசி. எனவே இடையில் ஒரு கடி கடித்து ஏமாற்றும். கடிபட்ட மீன் வெடுக்கென்று துள்ளும், துரத்தும், அல்லது வேறிடம் போய்விடும். அந்தத் துள்ளல்களை எண்ணித்தான் ஆய்வாளர்கள் ஏமாற்றை அளக்கிறார்கள். செங்கடலில் ஒரு துப்புரவு இறாலிடமும் இதைப் பார்த்திருக்கிறார்கள். 2006-இல் வெளியான இன்னொரு ஆய்வு, வேறு மீன்கள் பார்த்துக்கொண்டிருந்தால் துப்புரவு மீன் ஒழுங்காக வேலை செய்கிறது என்று காட்டியது. பார்த்துக்கொண்டிருக்கும் மீன்களும் நேர்மையான துப்புரவு மீனிடமே போய் நிற்கின்றன.

ஆக, "இருவருக்கும் நன்மை" என்று நான் ஒரே வரியில் முடித்தது பாதி உண்மைதான். ஒருவர் கடிக்கலாம். மற்றவர் விழுங்கலாம். இருந்தும் இருவரும் ஒவ்வொரு முறையும் கேட்டு, காட்டி, அளந்து நடந்துகொள்கிறார்கள். அங்கே நன்மை தினமும் சம்பாதிக்கப்படுகிறது.

மைத்துனர் தொட்டியின் கதை இன்னும் கொஞ்சம் இருக்கிறது. மீன்களுக்கு வெண்புள்ளி நோய் வந்தபோது தாமிரம் கலந்த மருந்தை ஊற்றினார். மீன்கள் பிழைத்தன; இரண்டு இறால்களும் செத்துப்போயின. மீனுக்கு மருந்தாகும் அளவுத் தாமிரம் இறாலுக்கு நஞ்சு. மருந்திடும்போது இறாலை வேறு தொட்டிக்கு மாற்றியிருக்க வேண்டும்.

இதை நம் பிள்ளைகளுக்கு எப்படிக் காட்டுவது? கடல் வேண்டாம், தொட்டியும் வேண்டாம். மாடு போதும். மேயும் மாட்டின் மேல் காக்கையும் மைனாவும் உட்கார்ந்து உண்ணி பொறுக்குவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். சென்ற ஆண்டு என் வகுப்புக்கு ஒரு வேலை கொடுத்தேன். வீட்டு மாட்டைப் பத்து நிமிடம் பாருங்கள். எந்தப் பறவை வந்தது? உடலில் எங்கே கொத்தியது? மாடு காதைச் சாய்த்துக் கொடுத்ததா, வாலால் விரட்டியதா? எத்தனை முறை? நான்கு கட்டம் போட்டு எழுதி வாருங்கள் என்றேன்.

மறுநாள் வகுப்பில் யாருக்கும் வாய் மூடவில்லை. கல்வராயன் மலையில் இருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் ஒரு பையன், அதுவரை வகுப்பில் வாயே திறக்காதவன், எழுந்து சொன்னான்: "சார், காக்கா உண்ணியும் எடுக்கும், புண்ணு இருந்தா அதையும் கொத்திப் பெருசாக்கும். அதான் எங்கப்பா புண்ணுல வேப்பெண்ணெய் தடவுவாரு." கோழையைக் கடிக்கும் மீனை நான் இன்னும் அவர்களுக்குச் சொல்லவே இல்லை. காக்கையை வைத்து அவன் அதைச் சொல்லிவிட்டான்.

தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் இதையே படம் வரையும் வேலையாகத் தரலாம். மேல் வகுப்புகளில் பட்டியலைக் கொண்டு பட்டை வரைபடம் போடச் சொல்லலாம். ஒரே ஒரு வேண்டுகோள்: முதலில் பார்த்து வரட்டும், வரையறையைப் பிறகு சொல்லுங்கள்.

அந்த மாணவி பள்ளியை முடித்துப் போய்விட்டாள். அவளுக்குச் சொல்ல வேண்டிய பதிலை இப்போது ஒவ்வோர் ஆண்டும் ஒன்பதாம் வகுப்புக்குச் சொல்கிறேன். அவள் கேட்ட கேள்வியில்தான் பாடத்தைத் தொடங்குகிறேன். பதில் தெரியாத வேறு கேள்வி வந்தால், "தெரியலம்மா, நாளைக்குப் பார்த்துட்டு வர்றேன்" என்று சொல்லிக் கரும்பலகையின் ஓரத்தில் எழுதி வைக்கிறேன். இன்று அந்த ஓரத்தில் மூன்று கேள்விகள் இருக்கின்றன.