அடையாற்றில் முப்பது ஆண்டுகள்

(பழைய மாணவியர் சந்திப்பில் ஆற்றிய உரை)



சங்கச் செயலாளர் தொலைபேசியில் கூப்பிட்டு, "நீங்க படகுப் போட்டிக்குப் போனதைப் பத்திப் பேசுங்க, பிள்ளைங்களுக்கு ஊக்கமா இருக்கும்" என்றார். ஊக்கம் தரும் பகுதியை மட்டும் சொன்னால் பாதிக் கதையை மறைத்தவள் ஆவேன். ஆகவே மறுபாதியையும் சேர்த்தே சொல்கிறேன்.

இங்கே படித்தபோது எனக்கும் விளையாட்டுக்கும் காத தூரம். பி.எஸ்ஸி. முடித்தேன். தேர்வு எழுதி வங்கியில் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். 1975-ல் திருமணம், 1977-ல் ஒரே மகள். காலையில் குக்கர், பகலில் கவுண்ட்டர், மாலையில் பத்து பைசா இடித்தாலும் கணக்கு நேராகும் வரை நாற்காலி. உங்களில் பலருடைய கதையும் இதுதானே?

துடுப்புப் படகுப் போட்டி நம் சென்னைக்குப் புதிதல்ல. மெட்ராஸ் போட் கிளப் தொடங்கியது 1867-ல். கொழும்புக் குழாமோடு போட்டி 1898-லேயே ஆரம்பித்துவிட்டது. ஆனால் ஒலிம்பிக்கில் பெண்களுக்குத் துடுப்புப் போட்டி வந்தது 1976-ல், மாண்ட்ரியலில்தான். அதிலும் ஆண்களுக்கு 2000 மீட்டர், பெண்களுக்கு 1000 மீட்டர். ஒலிம்பிக்கில் இருவருக்கும் ஒரே தூரம் என்று ஆனது 1988-ல், சியோலில்.

என் மகள் பதினோராம் வகுப்பு படிக்கையில், அவள் தோழியின் அப்பா சில பள்ளிப் பெண்களைச் சேர்த்து அடையாற்றில் பயிற்சி தர ஏற்பாடு செய்தார். விடியற்காலை டி.வி.எஸ். 50-ல் அவளைக் கொண்டுபோய் விடுவேன். அவள் படகில் போவாள். நான் கரையில் உட்கார்ந்து கீரை ஆய்வேன். ஆற்றின் நாற்றம் மூக்கைத் துளைக்கும். ஆனால் நான்கு துடுப்பும் ஒன்றாகத் தண்ணீரைத் தொடுவதைப் பார்த்தால் நாற்றம் மறந்துவிடும்.

1994 செப்டம்பரில் 21 நாள் பயிற்சி முகாமுக்கு அவள் தேர்வானாள். அப்போது பிளஸ் டூ. நான் "வேண்டாம்" என்றேன். "துடுப்பா சோறு போடும்? மார்க்குதான் போடும்" என்றேன். அவள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அரைக்கால் சட்டையை மடித்துப் பரணில் போட்டுவிட்டுப் புத்தகத்தை எடுத்தாள்.

பயிற்சியாளரிடம் சொல்லிவிட்டு வரலாம் என்று மறுநாள் காலை நான் மட்டும் போனேன். அன்று 'காக்ஸ்' வரவில்லை. துடுப்பு போடுகிறவர்கள் போகும் திசைக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார வேண்டும். முன்னால் பார்த்துத் திசை சொல்லிச் சுக்கானைப் பிடிப்பவர் காக்ஸ். கனம் குறைந்தவராக இருந்தால் நல்லது. நான் அப்போது 46 கிலோ. "ஒரு சுத்து உக்காருங்கம்மா, சொன்னதைச் சொன்னா போதும்" என்றார் பயிற்சியாளர். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தேன். மகளிடம் எதை "வேண்டாம்" என்றேனோ, அதில் நான் ஏறிவிட்டேன்.

வீட்டில் சொல்லவில்லை. வங்கியில் வேலை அதிகம் என்று சொல்லிக்கொண்டு நான்கு மாதம் போனேன். ஒருநாள் என் செருப்பில் ஒட்டியிருந்த ஆற்றுச் சேற்றை மகள் பார்த்துவிட்டாள். "நீ போம்மா. ஆனா எனக்காகப் போறேன்னு மட்டும் சொல்லாதே" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை.

அடுத்த ஆண்டே நானும் துடுப்பு பிடித்தேன், 42 வயதில். இருக்கை சக்கரத்தில் நகரும். உண்மையில் வலு காலில்தான், கை அப்புறம். இதைப் புரிந்துகொள்ளவே எனக்கு ஆறு மாதம் ஆயிற்று. உள்ளங்கைக் கொப்புளத்தோடு நோட்டு எண்ணினேன்.

2003-ல் கணவருக்குப் பக்கவாதம் வந்தது. மூன்று வருடம் ஆற்றுப் பக்கமே போகவில்லை. 2006-ல் அவரே குழறிய பேச்சில், "நீ போ, கரையில நான் கீரை ஆயுறேன்" என்றார். ஆட்டோவில் அழைத்துப் போவேன். ஒரு கையால் மெதுவாக ஆய்ந்துகொண்டிருப்பார். 2011-ல் அவர் காலமாகும் வரை அதுதான் எங்கள் காலை.

மூத்தோர் போட்டிகள் 27 வயதிலிருந்தே உண்டு. தூரம் 1000 மீட்டர். வெளியூரில் ஒரு போட்டியில் இரண்டாவதாக வந்துகொண்டிருந்தோம். முடிய 300 மீட்டர் இருக்கையில் என் துடுப்பு நீருக்குள் சிக்கியது. இதை 'நண்டு பிடிப்பது' என்பார்கள். படகு நின்றேவிட்டது. கடைசியாக வந்தோம். கூட வந்த மூவரும் என்னைத் திட்டவில்லை. அதுதான் இன்னும் வலிக்கிறது! வீட்டில் மூன்று பதக்கம் இருக்கிறது. தங்கம் ஒன்றும் இல்லை.

மகள் நல்ல மார்க் வாங்கினாள், பொறியாளர் ஆனாள். "நீ செஞ்சது சரிதான்" என்று உறவினர்கள் என்னைப் பாராட்டினார்கள். அந்த 21 நாள் போயிருந்தால் மார்க் குறைந்திருக்குமா? எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் விடவில்லையே. துடுப்பு போடும்போது கடந்து வந்ததுதான் கண்ணெதிரே தெரியும். முப்பது வருடமாக எனக்குத் தெரிவது பரணில் போன அந்தச் சட்டைதான்.

மாணவிகளே, "எழுபது வயசிலும் சாதிக்கலாம்" என்று உங்களுக்கு நான் சொல்லப்போவதில்லை. பதினேழில் கிடைப்பது பதினேழில் மட்டும்தான் கிடைக்கும். வீட்டில் "வேண்டாம்" என்றால் ஏன் என்று ஒரு தடவையாவது கேளுங்கள். பெற்றோராகிவிட்ட தோழியரே, பிள்ளை பேசாமல் அடங்கிப் போனால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கடைசியாக ஒரு கணக்கு. கணிதப் பிரிவு அல்லவா! மூத்தோர் போட்டியில் படகில் இருப்போரின் சராசரி வயதை வைத்துத்தான் பிரிவு பிரிப்பார்கள். எனக்கு 72, மகளுக்கு 48. கூட்டி இரண்டால் வகுத்தால் சரியாக 60. இருவர் படகில், அறுபது வயதுப் பிரிவில், இருவரும் சேர்ந்தே இறங்கலாம். போன மாதம் அவளிடம் கேட்டேன். "பாக்கலாம்மா" என்றாள். நேற்று இரவு போன் செய்து, "அந்தப் படகுல காக்ஸ் உண்டா, இல்ல நாமளே திரும்பிப் பாத்துக்கணுமா?" என்று கேட்டாள்.

நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றேன்.