பழைய மடிக்கணினிக்குப் புதிய மூளை

 

மீரியபெத்த, கொஸ்லாந்தை, அப்புத்தளை முதலிய ஊவா மலைத்தோட்டங்களிலே ஒரு மாணவன் கையில் மடிக்கணினி இருக்குமாயின், அது பெரும்பாலும் கொழும்பிலே தொழில் பார்க்கும் அண்ணன் பாவித்து முடித்ததாகவே இருக்கும். 2020ஆம் ஆண்டிலே பாடசாலைகள் மூடப்பட்டபொழுது அதன் அருமை விளங்கிற்று. 2022இலே ரூபாயின் மதிப்பு வீழ்ந்தபின், புதியதொன்றை வாங்குவது கொழுந்து பறிக்கும் தாய்க்கு எட்டாக்கனியாயிற்று. ஆகவேதான், “சேர், இதற்குள்ளே வேறு புரொசஸரைப் போட்டால் வேகம் வருமா?” என்று பெற்றோர் வினவுகின்றனர். நானோ கலைப்பட்டதாரி, ஆயினும் இவ்வினாவுக்கு விடையறியாமல் இருந்துவிட முடியவில்லை.

புரொசஸர் என்பது கணினியின் மூளை; தமிழிலே செயலி என்பர். மேசைக்கணினியிலே அதனைக் கழற்றி மாற்றுதல் எளிது. மடிக்கணினியின் நிலை வேறு. இன்டெல் நிறுவனத்தாரின் செயலிகளுள், ஏறக்குறைய 2014ஆம் ஆண்டு வரையில் வந்த பலவே குழியிலே பொருத்தப்பட்டவை. ஐந்தாந் தலைமுறை தொட்டு அவை தாய்ப்பலகையோடு பற்றாசு வைத்து ஒட்டப்பட்டன. அதற்கு முந்தியவற்றிலும், பெயரின் ஈற்றிலே ‘யூ’ என்ற எழுத்துடையவை ஒட்டப்பட்டவையே. இரண்டாம், மூன்றாந் தலைமுறைகளில் ‘எம்’ என்று முடிபவற்றை மாற்ற வழியுண்டு. ஒட்டப்பட்டதை மாற்றித் தருவதாக எவரேனும் கூறினால், பணத்தை மடியிலேயே வைத்துக்கொள்க.

மாற்றக்கூடியதாயினும், கண்டதைப் போடலாகாது. 2011இல் வந்த ஐ3-2310எம் உள்ள கணினியை எடுத்துக்கொள்வோம். அதற்கு ஐ5-2520எம் பொருந்தும். இரண்டும் 35 வாட் வெப்பத்துக்கே அமைந்தவை. நான்கு கருக்களுடைய ஐ7-2630கியூஎம் என்பதோ 45 வாட். சிறு விசிறி அச்சூட்டைத் தாங்காதாயின், செயலி தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கொடுத்த காசு சூடாகவே போய்விடும். தாய்ப்பலகையின் பயோஸ் புதிய செயலியை அறியுமா என்பதையும் முன்னரே பார்த்துக்கொள்ளல் வேண்டும்.

இவ்வளவும் செய்தபின் பயன் என்ன? 2.1 கிகாஹேர்ட்ஸ் 2.5 ஆகும். கணினி திறக்க ஐந்து நிமிடம் எடுப்பது அதனால் பெரிதும் மாறாது. ஏனெனில் அத்தாமதத்துக்குப் பெரும்பாலும் செயலி காரணமன்று, சுழலும் பழைய வன்தட்டே காரணம். ‘டாஸ்க் மனேஜர்’ என்பதைத் திறந்து பாருங்கள். வேலை நடக்கையில் ‘டிஸ்க்’ என்ற வரி 100 விழுக்காட்டிலே நின்று, ‘சிபியு’ என்பது இளைப்பாறிக் கொண்டிருக்குமாயின், எஸ்எஸ்டி என்னும் திண்மத் தட்டொன்றே மருந்து. நினைவகம் 2 அல்லது 4 ஜிபியாயின், அதனை 8 ஆக்குக. செயலியைத் தேடி அலைவதற்கு முன் இவ்விரண்டையும் செய்வதே என் கட்சி.

வேறொன்று. விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிவுற்றது. விண்டோஸ் 11 இன்டெல்லிலே எட்டாந் தலைமுறைச் செயலியைக் கேட்கின்றது. இரண்டாந் தலைமுறைக் குழியில் அது பொருந்தாது. ஆதலின், செயலியை மாற்றி அந்த வாசலைத் திறக்க இயலாது. லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளம் அக்கணினியிலே நன்றாகவே ஓடும், தமிழிலும் எழுதலாம்.

செலவில்லாத வைத்தியமும் உண்டு. லயக் காம்பராவிலே விறகடுப்பின் கரியும் தூசியும் விசிறியை அடைத்துக்கொள்கின்றன. பற்றரியைக் கழற்றிவிட்டு, மென்தூரிகையால் விசிறியைத் துடையுங்கள். செயலியின் மேல் உலர்ந்துபோன வெப்பப்பசையையும் நீக்கி, ஓர் அரிசியளவு புதிய பசையை வையுங்கள். அதற்கு மேல் வேண்டியதில்லை.