எழுத்துக்களை எண்ணியவர்

ஆங்கில அகராதியைப் புரட்டுபவர் தேடும் சொல்லின் முதலெழுத்தை அறிந்திருத்தல் வேண்டும். முதலெழுத்துத் தெரிந்தால் பக்கம் கிடைக்கும். பக்கம் கிடைத்தால் சொல்லும் கிடைக்கும். ஆனால், "கையில் ஏழு எழுத்துக்கள் உள்ளன, இவை ஏழும் அமைந்த நெடுஞ்சொல் ஒன்று வேண்டும்" என்று கேட்பவருக்கு அந்த அகராதி வாய் திறவாது. தமிழிலே மண்டலபுருடர் இயற்றிய சூடாமணி நிகண்டின் பதினோராம் தொகுதி, சொற்களை எதுகை முறையில் அடுக்கி, இரண்டாம் எழுத்தைக் கொண்டு தேடுவதற்கு வழி செய்திருக்கிறது. அது செய்யுள் இயற்றுவோர்க்குப் பேருதவி. ஆங்கிலத்தில் இத்தகைய தேட்டம் பெருவழக்காகப் பரவியது, வேலையிழந்த ஒருவர் இயற்றிய விளையாட்டினாலே என்பது நேயர்கள் சிலருக்கு வியப்பாக இருக்கலாம்.

அவர் பெயர் அல்பிரட் மோஷர் பட்ஸ். 1899 இல் அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்திலே பிறந்தவர், கட்டடக் கலைஞர். உலகெங்கும் வணிகம் வீழ்ச்சியுற்ற காலத்தில், 1931 இல், அவருடைய வேலை போயிற்று. கட்டடம் எழுப்புவார் இல்லாத நாளில் கட்டடக் கலைஞருக்கு என்ன வேலை? பொழுதோ நிறைய இருந்தது; பொருளோ இல்லை. ஆகவே, மக்கள் விரும்பி வாங்கக்கூடிய விளையாட்டு ஒன்றை ஆக்கிப் பிழைக்கலாம் என்று அவர் எண்ணினார்.

எட்கார் அலன் போ 1843 இல் வெளியிட்ட 'பொன்வண்டு' என்னும் கதையிலே, மறைமொழியில் எழுதிய ஓலை ஒன்றை ஒருவன் படித்தறிகிறான். எந்தக் குறி மிகுதியாக வருகிறதோ அதுவே 'ஈ' என்னும் எழுத்தாதல் வேண்டும் என்பது அவன் கொண்ட துணிபு. இக்கதையறிவு பட்ஸுக்குக் கைகொடுத்தது. அவர் செய்தித்தாள்களை விரித்து வைத்து, அவற்றில் ஒவ்வோர் எழுத்தும் எத்தனை முறை வருகிறதென ஒன்றொன்றாக எண்ணலானார். இயந்திரமும் இல்லை, உதவியாளும் இல்லை. கண்ணும் பென்சிலும் பொறுமையுமே அவருக்குக் கருவிகள். வேலையற்றவனின் வீண்வேலை என்று அயலார் நகைத்திருந்தாலும் அதிசயமில்லை.

அந்த எண்ணிக்கையின் பயன் இன்றும் அப்படியே நிற்கிறது. ஆங்கில ஆட்டத்தின் நூறு கட்டைகளில் இரண்டு வெறுங்கட்டைகள். எஞ்சிய 98 இல் 'ஈ' மட்டும் 12. 'ஏ'யும் 'ஐ'யும் ஒன்பது ஒன்பது. 'கியூ'வும் 'இசட்'டும் ஒவ்வொன்றே. அருமையான எழுத்தாதலின் ஒவ்வொன்றுக்கும் பத்துப் புள்ளி. 'எஸ்' என்னும் எழுத்து ஆங்கிலத்தில் மிகப் பயில்வது. எனினும் அதற்கு நான்கு கட்டைகளே வைத்தார். எந்தப் பெயர்ச்சொல்லின் கடையிலும் அதனை ஒட்டிப் பன்மையாக்கி எளிதில் புள்ளி பறித்துவிடலாமன்றோ? கணக்கு ஒன்று சொல்ல, விளையாட்டின் சுவை வேறொன்று சொல்ல, சுவையின் பக்கமே அவர் சாய்ந்தார். அதிலேதான் அவர் திறமை விளங்குகிறது.

ஆயினும் அவருடைய ஆட்டத்தை வாங்கி வெளியிட எந்தக் கம்பனியும் முன்வரவில்லை. அவர் மீண்டும் கட்டடக்கலைப் பணிக்கே திரும்பினார். 1948 இல் ஜேம்ஸ் புரூணோ என்பவர் அதனை ஆக்கி விற்கும் உரிமையைப் பெற்று, 'ஸ்கிரபிள்' என்று பெயரிட்டார். மறு ஆண்டில் ஏறத்தாழ 2,400 பெட்டிகள் செய்து விற்றதில் அவர் கண்டது 450 டொலர் நட்டம்! 1952 இலோ நிலைமை திடீரென மாறிற்று. கேட்டவர்க்கெல்லாம் பெட்டி கொடுக்க இயலாத அளவுக்குத் தேவை பெருகியது. பட்ஸுக்குப் பெட்டிக்குச் சில சதம் பங்காகக் கிடைத்தது.

ஒருவர் தம் கையிலுள்ள ஏழு கட்டைகளையும் ஒரே முறையில் இட்டுச் சொல்லாக்கினால் ஐம்பது புள்ளி மேலதிகமாகப் பெறுவார். நெடுஞ்சொல் தேடும் வேட்கைக்கு இதுவே காரணம். 1982 இல் இங்கிலாந்தின் மன்செஸ்ரர் நகரில் கார்ல் கோஷ்னாவ் என்பவர் 'கசீக்ஸ்' என்ற சொல்லை இட்டார். மேற்கிந்தியத் தீவுகளின் பழங்குடித் தலைவர்களைக் குறிக்கும் எட்டெழுத்துச் சொல் அது. அதன் எழுத்துக்களின் மதிப்பு 28. 'கியூ' இரட்டிப்புக் கட்டத்தில் வீழ்ந்தமையால் 38 ஆயிற்று. சொல்லின் இரு முனைகளும் மும்மடங்குக் கட்டங்களில் அமைந்தமையால் ஒன்பதாற் பெருக்க 342. ஐம்பதையும் கூட்ட 392. ஒரே சொல்லுக்கு இத்தனை புள்ளி!

இத்தகைய சொற்கள் வல்லுநர்க்கு எவ்வாறு தோன்றுகின்றன? அவர்கள் சொல்லைத் தேடுவதில்லை. எழுத்துக் கூட்டத்தையே தேடுகிறார்கள். ஏ, ஈ, ஐ, என், ஆர், எஸ், ரீ என ஏழெழுத்துக்களை நெடுங்கணக்கு வரிசையில் நிறுத்துக. 'வைத்திருக்கிறான்' எனப் பொருள்படும் 'ரிட்டெய்ன்ஸ்', 'மேலும் அருவருப்பான' எனப் பொருள்படும் 'நாஸ்ரியர்', கண்ணின் விழித்திரைகளைக் குறிக்கும் 'ரெட்டினாஸ்' ஆகிய மூன்றும் இந்த ஒரே வரிசைக்குள் அடங்கிவிடும். வரிசையை மனத்தில் இருத்தியவனுக்கு மூன்று சொற்களும் ஒருங்கே கிடைக்கின்றன. அகராதியால் இயலாததை இச்சிறு உபாயம் செய்துவிடுகிறது. இக்காலத்துக் கணிப்பொறிகளும் பெரும்பாலும் இவ்வழியையே கையாளுகின்றன.

பொருளை விட்டு எழுத்தை மாத்திரம் பற்றுவது மொழிக்கு இழைக்கும் அநீதியன்றோ என்று கேட்போர் உண்டு. கேள்வி நியாயமானதே. நியூசிலாந்தைச் சேர்ந்த நைஜல் றிச்சட்ஸ் என்பவர் பிரெஞ்சு மொழி பேசத் தெரியாதவர். பிரெஞ்சுச் சொற்பட்டியலைச் சில வாரங்களில் மனனம் செய்து, 2015 இல் அம்மொழியிலேயே நடந்த உலகப் போட்டியில் வென்றார். பிரெஞ்சிலே ஒரு தேநீர் கேட்டு வாங்க இயலாதவர், பிரெஞ்சுக்காரரையே சொல்லில் வீழ்த்தினார். 2024 இல், ஸ்பானிய மொழியும் பேச அறியாத அவரே, ஸ்பெயினின் கிரனாடா நகரிலே ஸ்பானிய உலகப் போட்டியிலும் முதலிடம் பெற்றார்.

பட்ஸ் 1993 இல் காலமானார். எழுத்துக்கூட்டுவதில் தாம் வல்லவரல்லர் என்பதை அவர் ஒருபோதும் மறைத்ததில்லை.